கிராமத் தொகுதியில் முதல்முறை எம்.எல்.ஏ.வா? வேலையைப் பிடிக்கும் வழி

தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் தன் கையெழுத்தால் ஒரு பட்டா கொடுக்க முடியாது. ரேஷன் கார்டு கொடுக்க முடியாது. ஊருக்குள் ஒரு டவுன் பஸ்ஸைத் திருப்பிவிடவும் முடியாது. தொகுதி மேம்பாட்டு நிதியில் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய்க்கு வேலைகளைப் பரிந்துரைக்கலாம். அதற்கும் நிர்வாக அனுமதி தருபவர் கலெக்டர்தான். மக்கள் கேட்கிற மற்ற எல்லாம் ஏதோ ஒரு துறையின் கோப்பில் போய்த்தான் முடியும். அந்தக் கோப்பு யார் மேசையில் நிற்கிறது, எதனால் நிற்கிறது என்று தெரிந்து வைத்திருக்கிற எம்.எல்.ஏ. நிறையச் சாதிக்கலாம். தெரியாதவர் கல்யாணம், காதுகுத்து, துக்கவீடு என்று ஐந்து ஆண்டும் ஓடி ஓய்ந்துபோவார். துக்கவீட்டுக்குக் கட்டாயம் போக வேண்டும், கிராமத்தில் அது மரியாதை. ஆனால் போன ஊரில் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றும் கேட்டுக் குறித்துக்கொண்டு வர வேண்டும்.

தங்கள் குறை எங்கும் ஏறவில்லை என்று நினைத்த விவசாயிகள் 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் கூட்டம் கூட்டமாக மனுத் தாக்கல் செய்தார்கள். கடைசியில் 1,033 வேட்பாளர்கள் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகம் போல அச்சடிக்க வேண்டியிருந்தது. கிராமத் தொகுதியை எடுத்துக்கொள்கிறவர் அந்த எண்ணை மறக்கக் கூடாது.

வெற்றிச் சான்றிதழ் வாங்கியதும்

மாலை, ஊர்வலம் எல்லாம் ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடும். அதற்குள் மூன்று காகித வேலைகள் ஓடிக்கொண்டிருக்கும்.

முதலாவது தேர்தல் செலவுக் கணக்கு. முடிவு அறிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம், அதாவது கலெக்டரிடம், ஒப்படைக்க வேண்டும். தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளருக்கு 2022 முதல் உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். உரிய காலத்தில், உரிய முறையில் கணக்குக் கொடுக்காதவரைத் தேர்தல் ஆணையம் மூன்று ஆண்டுக்குத் தகுதி நீக்கம் செய்யலாம். ஜெயித்த களிப்பில் பந்தல்காரர் பில், வண்டி வாடகை ரசீது எல்லாம் சிதறிப்போவதுதான் இதில் வழக்கமான கோளாறு. எண்ணிக்கை நடந்த வாரத்திலேயே ஆடிட்டரை உட்கார வைத்துவிடுங்கள்.

இரண்டாவது தேர்தல் வழக்கு. தோற்றவரோ ஒரு வாக்காளரோ 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். அதனால் முகவர்கள் வாங்கிய படிவம் 17சி (வாக்குச்சாவடியில் பதிவான வாக்குக் கணக்கு) நகல்கள், சுற்றுவாரி எண்ணிக்கைத் தாள்கள், தபால் வாக்கு விவரம் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டி வையுங்கள். 2016-ல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 வாக்கு. தலைமையாசிரியர்கள் சான்றொப்பமிட்ட தபால் வாக்குகளைத் தள்ளுபடி செய்தது சரியா என்ற கேள்வியில் அந்த வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. வித்தியாசம் சிறியதாக இருந்தால் பெட்டி பெரியதாக இருக்கட்டும்.

மூன்றாவது ஒப்பந்தம். கிராமத் தொகுதிகளில் ஜெயிப்பவர்களில் பலர் ரோடு கான்ட்ராக்ட், கட்டட கான்ட்ராக்ட் எடுத்தவர்கள். மாநில அரசோடு நடப்பில் உள்ள பணி ஒப்பந்தமோ பொருள் வழங்கும் ஒப்பந்தமோ உறுப்பினர் பெயரில் இருந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 9ஏ பிரிவின்படி பதவியே போகும். இதை வேட்புமனுவுக்கு முன்பே முடித்திருக்க வேண்டும். ஜெயித்த பிறகு புதிதாக எடுக்கவும் கூடாது. தம்பி பெயரில், மைத்துனர் பெயரில் எடுத்தால் சட்டம் நேராகப் பிடிக்காமல் போகலாம். ஆனால் தரமில்லாத சாலையைப் பற்றிப் பொறியாளரிடம் கேட்கும் தைரியம் அன்றோடு போய்விடும். குடும்பத்தையும் டெண்டருக்கு வெளியே நிறுத்துங்கள்.

பதவிப் பிரமாணம் எடுக்காமல் அவையில் உட்கார்ந்தாலோ வாக்களித்தாலோ நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் என்று அரசியல் சட்டம் 193-வது பிரிவு சொல்கிறது. உடல்நலம் சரியில்லாமல் முதல் நாள் போக முடியாதவர்கள் சபாநாயகரிடம் தேதி வாங்கிப் பிரமாணம் எடுத்த பிறகே இருக்கைக்குப் போக வேண்டும்.

தொகுதி நோட்டு

நல்ல எம்.எல்.ஏ.வின் பி.ஏ. கையில் தடிமனான ஒரு நோட்டு இருக்கும். அதைத் தயாரிக்க மூன்று மாதம் ஆகும். பிறகு ஐந்து ஆண்டுக்கும் அதுதான் சோறு போடும்.

தொகுதி எல்லை வேறு, தாலுகா எல்லை வேறு, ஒன்றிய எல்லை வேறு. ஒரே தொகுதியில் இரண்டு தாலுகா, மூன்று ஒன்றியம், நான்கு பேரூராட்சி, ஐந்தாறு காவல் நிலையம் என்று குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். ஆகவே முதல் பக்கத்தில் ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் ஒரு வரி: எந்த வருவாய் கிராமம், எந்த பிர்க்கா (சில வருவாய் கிராமங்கள் சேர்ந்த பகுதி), எந்த தாலுகா, எந்த ஊராட்சி, எந்த ஒன்றியம், எந்த மின்வாரியப் பிரிவு அலுவலகம், எந்த ஆரம்ப சுகாதார நிலையம், எந்த காவல் நிலையம். அதிகாரிகள் மாறுவார்கள், அதனால் பெயரைப் பென்சிலில் எழுதினால் போதும். பதவியைப் பேனாவில் எழுதுங்கள்.

அடுத்து சொத்து யாருடையது என்ற பட்டியல். கோரிக்கைகள் தோற்கும் முதல் இடம் இதுதான். ஊராட்சிச் சாலையும் ஊராட்சி ஒன்றியச் சாலையும் ஊரக வளர்ச்சித் துறையிடம் இருக்கின்றன. இதர மாவட்டச் சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாநில நெடுஞ்சாலை மூன்றும் நெடுஞ்சாலைத் துறையிடம். ஏரி என்றால் நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ளது ஒன்றியத்திடம், அதற்கு மேல் நீர்வளத் துறையிடம். தாலுகா ஆஸ்பத்திரிக்கு மாவட்டத்தில் இணை இயக்குநர் பொறுப்பு; ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறையின் கீழ் வருகிறது, அதிகாரி வேறு. ஒன்றியச் சாலையை அகலப்படுத்தச் சொல்லி நெடுஞ்சாலைத் துறை அமைச்சரிடம் மனுக் கொடுத்தால் 'எமது துறையைச் சார்ந்ததல்ல' என்று ஒரு வரிப் பதில் வரும். அதற்கே நான்கு மாதம் போயிருக்கும்.

குடிதண்ணீருக்கு ஒரு எளிய கணக்கு நோட்டிலேயே இருக்கட்டும். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். ஆயிரம் பேர் உள்ள ஊருக்கு 55,000 லிட்டர். அங்கே 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி இருந்தால் அதை ஒரு நாளில் இரண்டு முறை நிரப்பினால்தான் சரிப்படும். 'தண்ணியே வரலை' என்று குடத்தோடு சாலையில் உட்கார்ந்திருப்பவர்களிடம் போகும்போது தொட்டி சின்னதா, மோட்டார் கோளாறா, கூட்டுக் குடிநீர்க் குழாயிலிருந்து வர வேண்டிய அளவு வரவில்லையா, ஆபரேட்டர் ஒரு முறைதான் ஏற்றுகிறாரா என்று நான்காகப் பிரித்துக் கேளுங்கள். புதிய தொட்டி கேட்டு நிற்கிற ஊர்களில் பலவற்றுக்குத் தேவை வேறாக இருக்கும். தண்ணீர் வராத குழாயின் முனையில் இன்னொரு தொட்டி கட்டினால் அதுவும் காலியாகத்தான் நிற்கும்.

மனு வாங்கும் மேசை

தொகுதியில் அரசு கட்டிய எம்.எல்.ஏ. அலுவலகம் இருக்கும். வாரத்தில் இரண்டு நாள், குறித்த நேரம், அங்கே உட்காருங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அன்றைக்கு நீங்களும் மனு வாங்க வேண்டாம். அங்கே கொடுத்த ரசீதோடு வருபவர்களுக்கு அடுத்த நாளை ஒதுக்குங்கள்.

வரும் மனுவை மூன்றாகப் பிரியுங்கள். தகுதி இருந்தும் கிடைக்காதது: முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று, பட்டா மாறுதல். விண்ணப்ப எண்ணைக் குறித்து எந்த நிலையில் நிற்கிறது என்று பார்த்துச் சொன்னாலே பாதி முடிந்துவிடும். பலதும் வி.ஏ.ஓ. அல்லது ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) அறிக்கையில்தான் தேங்கியிருக்கும். அடுத்தது பணம் வேண்டியது: சாலை, பாலம், கட்டடம். அதற்கு மதிப்பீடு வேண்டும், கீழே சொல்கிறோம். மூன்றாவது செய்யக் கூடாதது: போலீஸ் எஃப்.ஐ.ஆரை மாற்றச் சொல்வது, ஆசிரியர் இடமாறுதல், அரசு வேலைக்குச் சிபாரிசு. முதல் மாதத்திலேயே 'இதை நான் செய்ய மாட்டேன்' என்று சொல்லிவிடுங்கள். ஒருவருக்குச் செய்துவிட்டு அடுத்தவருக்கு இல்லை என்றால் பகைதான் மிஞ்சும்.

பட்டா கேட்டு வரும் கூட்டத்துக்கு உறுதி கொடுக்கும் முன் அ-பதிவேட்டில், அதாவது நிலத்தின் வகையைச் சொல்லும் கிராமக் கணக்கில், புல எண்ணைப் பாருங்கள். கிராம நத்தமாக (குடியிருப்பு நிலம்) இருந்தால் வழி உண்டு. மேய்க்கால் என்றால் வகை மாற்றத்துக்கு மேல்மட்டத்துக்குப் போக வேண்டும், காலம் பிடிக்கும். ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்றால் பட்டா கிடையாது. நீதிமன்றங்கள் இதில் இறங்கிவர மாட்டா. முப்பது வருடமாகக் குடியிருந்தாலும் அதுதான் நிலை. அந்தக் குடும்பங்களுக்கு மாற்று இடம் கேட்டுப் போராடுவதுதான் நேர்மையான வழி. 'பார்க்கலாம்' என்று சொல்லி அனுப்பினால், இடிக்க வண்டி வரும் நாளில் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது.

பரிந்துரைக் கடிதம் எழுதுவதில்தான் எம்.எல்.ஏ. அலுவலகங்கள் சறுக்குகின்றன. வழக்கமாகப் போகும் கடிதம் இப்படி இருக்கும்:

'மேற்படி கிராமத்தில் குறைந்த மின்னழுத்தத்தால் பொதுமக்கள் மிகவும் அவதிப்படுகின்றனர். ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

இதை வாங்கிய பொறியாளர் செய்ய ஒன்றுமே இல்லை. அதே கடிதம் வேலை நடக்கும்படி இருந்தால்:

'கீழத்தெரு மின்மாற்றியில் (63 கே.வி.ஏ.) 140 வீட்டு இணைப்பும் 11 விவசாய இணைப்பும் உள்ளன. மாலை 6 முதல் 9 மணி வரை கடைசிக் கம்பத்தில் மின்னழுத்தம் 160 வோல்ட்டுக்கு இறங்குகிறது. இரண்டு இணைப்புகளின் எண் கீழே. அந்த நேரத்தில் லோடு அளந்து, மின்மாற்றியை 100 கே.வி.ஏ. ஆக உயர்த்துவதா, வேறிடத்தில் புதிய மின்மாற்றி வைத்துப் பிரிப்பதா என்று மதிப்பீடு தயாரித்து, செயற்பொறியாளருக்கு அனுப்பிய நாளைத் தெரிவிக்கவும். புதிய மின்மாற்றி வைக்க இடம்: கோயில் பின்புறம், ஊராட்சி நிலம்.'

இடத்தைச் சொல்லியிருப்பதுதான் இதில் முக்கியம். பணம் ஒதுக்கியும் நின்றுபோகும் வேலைகளில் பெரும்பாலானவை 'இடம் தேர்வு செய்யப்படவில்லை' என்ற ஒரே வரியில் நிற்கின்றன. ஊரில் நான்கு பேரோடு போய் நின்று இடத்தைப் பேசி முடிக்கப் பொறியாளரால் முடியாது. உங்களால் முடியும்.

ஒவ்வொரு கடிதத்துக்கும் வரிசை எண் போடுங்கள், நகலை வையுங்கள், 30 நாள் கழித்து நினைவூட்டுங்கள். தொலைபேசியில் சொன்னது காற்றோடு போய்விடும். அந்த அதிகாரி மாறிப்போனால் அடுத்தவருக்கு ஒன்றும் தெரியாது.

மூன்று கோடி

தொகுதி மேம்பாட்டு நிதியை ஊரக வளர்ச்சித் துறை நடத்துகிறது. நீங்கள் வேலையின் பெயரையும் இடத்தையும் எழுதி மாவட்டத்துக்குக் கொடுக்கிறீர்கள். ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு போடுகிறார், கலெக்டர் நிர்வாக அனுமதி தருகிறார், பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) டெண்டர் விடுகிறார். பேரூராட்சி, நகராட்சிப் பகுதியில் அந்தந்த அமைப்பு செய்யும். வேலையை யாருக்குக் கொடுப்பது என்பதில் உங்களுக்குப் பங்கில்லை. பங்கு கேட்டால் அன்றே உங்கள் பெயர் ஊருக்குத் தெரிந்துவிடும்.

3 கோடியை நூறு குக்கிராமத்துக்குப் பங்கு போட்டால் ஊருக்கு 3 லட்சம்தான் விழும். அதில் ஒரு உருப்படியும் முழுதாக எழாது. எனவே ஐந்து ஆண்டுக்கான 15 கோடியையும் முதலிலேயே தாளில் போட்டு, எந்தப் பகுதிக்கு எந்த ஆண்டு என்று சொல்லிவிடுவது நல்லது. இரண்டாம் ஆண்டில் உன் ஊர் என்று தெரிந்தால் கிராமம் காத்திருக்கும். சொல்லாமல் விட்டால் சந்தேகப்படும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? பராமரிக்க ஆள் உள்ளதை. ரேஷன் கடைக் கட்டடம், பள்ளி வகுப்பறை, சுடுகாட்டுப் பாதை, சிறுபாலம், அங்கன்வாடி எல்லாம் கட்டிய நாளிலிருந்து பயன்படும். உயர்கோபுர மின்விளக்கு கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் கரண்ட் பில் ஊராட்சி தலையில் விழும், பல்பு போனால் மேலே ஏற ஆள் கிடைக்காது, இரண்டு வருடத்தில் கம்பம் மட்டும் நிற்கும். பெயர்ப்பலகை பெரியதாகத் தெரிகிறதே என்று நிழற்குடையை வரிசையாகக் கட்டுவதும் அப்படித்தான். பஸ் நிற்காத இடத்தில் நிழற்குடை சீட்டாட்டத்துக்குத்தான் உதவும். தலித் குடியிருப்புக்கு மயானப் பாதை இல்லாத ஊர் தொகுதியில் இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை வையுங்கள். வயல்வழியே வரப்பில் பிணத்தைத் தூக்கிப்போகிற நிலை ஒரு ஊரில்கூட இருக்கக் கூடாது. பாதைக்கு நிலம் கொடுக்கப் பக்கத்து நிலக்காரரிடம் பேச வேண்டியிருக்கும். அந்தப் பேச்சுக்குத்தான் எம்.எல்.ஏ. பதவி.

பரிந்துரையை ஏப்ரல், மே மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள். மதிப்பீடு, அனுமதி, டெண்டர் என்று போய் வேலை தொடங்க மூன்று நான்கு மாதம் ஆகும். அக்டோபரில் மழை பிடித்தால் மண் வேலை, தார் வேலை எதுவும் நடக்காது. தாமதமாகக் கொடுத்தவரின் வேலைகள் பிப்ரவரி, மார்ச்சில் அவசர அவசரமாக நடந்து, அடுத்த மழைக்குப் பெயர்ந்துவிடும். உள்ளாட்சித் தேர்தல், நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பும் குறுக்கே வரும். நடத்தை விதி வந்துவிட்டால், பணியாணை கொடுத்திருந்தாலும் களத்தில் தொடங்காத வேலையைத் தொடங்க முடியாது.

பெரிய பணம் வரும் வழி

10 கோடி ரூபாய்ப் பாலம், கல்லூரி, புதிய தாலுகா, அணைக்கட்டு இவையெல்லாம் துறை நிதியில்தான் வரும். அதற்குப் பாதை இது: மாவட்ட அதிகாரி கருத்துரு (திட்ட முன்மொழிவு) தயாரிப்பார், அது இயக்குநர் அல்லது தலைமைப் பொறியாளருக்குப் போகும், அங்கிருந்து தலைமைச் செயலகத்தில் துறைச் செயலரிடம், பிறகு நிதித் துறையிடம், ஒப்புதல் ஆனால் அரசாணை, பிறகு தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், பணியாணை. இதில் எந்தப் படியையும் தாண்ட முடியாது. முதலமைச்சரே மேடையில் அறிவித்தாலும் கருத்துரு கீழிருந்துதான் மேலே வர வேண்டும்.

எனவே கோரிக்கையின் பிறப்பிடம் மாவட்டம். செயற்பொறியாளரையோ முதன்மைக் கல்வி அலுவலரையோ அழைத்துக்கொண்டு நேரில் போய்க் காட்டி, அவர் கையால் கருத்துரு போகச் செய்யுங்கள். அடுத்த பட்ஜெட்டுக்கான தயாரிப்பு மழைக்காலத்திலேயே துறைகளில் தொடங்கிவிடும். மார்ச்சில் அமைச்சரிடம் சால்வை போட்டுக் கொடுக்கும் மனு அந்த ஆண்டுக்கு உதவாது. செப்டம்பருக்குள் கருத்துரு சென்னை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

கருத்துருவுக்குள் எண் இருக்க வேண்டும். துணை சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 5,000 பேர், மலையில் 3,000 பேர். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 30,000, மலையில் 20,000. ஏற்காடு, சேந்தமங்கலம் போன்ற மலைத் தொகுதிகளுக்கு இந்த இரண்டாவது எண் பெரிய ஆயுதம். தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த விதி. சாலை என்றால் ஒருவழி 3.75 மீட்டர், இடைநிலை 5.5, இருவழி 7 மீட்டர். எத்தனை வண்டி ஓடுகிறது என்ற கணக்கெடுப்பைப் பொறுத்து அகலம் கிடைக்கும். கணக்கெடுப்பைக் கரும்பு வெட்டும் காலத்திலோ அறுவடைக் காலத்திலோ எடுக்கச் சொல்லுங்கள். கோடையில் வெறிச்சோடிய சாலையில் எண்ணினால் ஒற்றைவழியே போதும் என்று வந்துவிடும்.

2022-ல் அன்றைய முதலமைச்சர் எல்லா உறுப்பினர்களிடமும் தொகுதிக்குப் பத்து முக்கியக் கோரிக்கைகள் கேட்டபோது, நிலமும் மதிப்பீடும் தயாராக வைத்திருந்தவர்கள் கை ஓங்கியிருந்தது. வரிசைப்படுத்திய பத்துக் கோரிக்கைகள் எப்போதும் பையில் இருக்கட்டும். இப்படி ஒரு கதவு எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது.

கோட்டையில்

பேரவையில் மொத்தம் 234 பேர். கேள்வி நேரத்தில் உங்கள் கேள்வி இப்படிப் போகும்: 'இன்ன ஆற்றின் குறுக்கே பாலம் கட்ட அரசு ஆவன செய்யுமா?' கருத்துரு இல்லாமல் கேட்டால் அச்சடித்தாற்போல் ஒரு பதில் வரும்: 'அத்தகைய கருத்துரு ஏதும் தற்போது அரசின் பரிசீலனையில் இல்லை.' அதோடு அந்தப் பாலத்தின் கதவு ஓராண்டுக்கு அடைபட்டுவிடும். ஆகவே மாவட்டத்திலிருந்து கருத்துரு போன பிறகே கேள்வியைக் கொடுங்கள். கேள்வி கொடுத்த நாளுக்கும் அவையில் வரும் நாளுக்கும் இடையே மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் கோப்பு எங்கே நகர்ந்தது என்று அன்று காலை வரை விசாரித்து வைத்திருங்கள். அமைச்சர் பதில் சொன்னதும் கிடைக்கும் துணைக்கேள்வி ஒன்றோ இரண்டோதான். 'தலைமைப் பொறியாளர் அனுப்பிய கருத்துரு நிதித் துறையில் இருக்கிறது, இந்த நிதியாண்டில் ஒப்புதல் தரப்படுமா?' என்று கேளுங்கள். நன்றியுரைக்கும் தலைவர் புகழுக்கும் அந்த அரை நிமிடத்தைச் செலவழித்தால் அமைச்சர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவார்.

அவசரப் பிரச்சினை என்றால் பேரவை விதி 55-ன் கீழ் கவன ஈர்ப்பு கொடுக்கலாம். பயிர் மூழ்கியது, ஆலைக் கழிவு ஆற்றில் கலந்தது போன்றவை அதற்குப் பொருந்தும். விதி 110-ன் கீழ் முதலமைச்சரோ அமைச்சரோ அறிக்கை படித்தால் அதன்மேல் விவாதம் கிடையாது. உங்கள் தொகுதி அந்த அறிக்கையில் இடம்பெற வேண்டும் என்றால் வேலை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

மானியக் கோரிக்கை விவாதத்தில் (துறைவாரியாக நிதி ஒதுக்கும் விவாதம்) கட்சியின் பலத்தைப் பார்த்து நேரம் ஒதுக்குவார்கள், முதல்முறை வந்தவருக்குச் சில நிமிடங்கள்தான். முந்தைய நாள் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பைப் படித்து, அதில் உங்கள் மாவட்டம் பற்றி என்ன இருக்கிறது, என்ன விடுபட்டது என்று கோடிடுங்கள். இரண்டு கோரிக்கை, ஒரு கேள்வி போதும். இருபது கோரிக்கையை வேகமாகப் படித்தால் ஒன்றும் காதில் ஏறாது. 1957-ல் குளித்தலையிலிருந்து வந்த மு. கருணாநிதி தன் கன்னிப்பேச்சில் எடுத்துக்கொண்டது நங்கவரம் பண்ணை விவசாயிகளின் பிரச்சினையை. தொகுதிக்குள் இருந்த ஒரு ஊர், ஒரு வழக்கு, அதை மாநிலப் பிரச்சினையாக அவை முன் வைக்கலாம் என்பதற்கு அது நல்ல பாடம். பேசியது அவைக் குறிப்பில் ஏறும்; அந்தப் பக்கத்தின் நகலை வாங்கி அடுத்த கடிதத்தோடு இணையுங்கள்.

அமைச்சர் அவையில் 'செய்து தரப்படும்' என்று சொல்லிவிட்டால் அது உறுதிமொழி. அரசு உறுதிமொழிக் குழு அதைத் தொடரும். தேதியையும் வாசகத்தையும் எழுதி வைத்துக் குழுவின் செயலகத்தில் விசாரித்துக்கொண்டே இருங்கள். குழுக்களில் இடம் கிடைத்தால் தட்டாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு எல்லாம் மாவட்டங்களுக்கு ஆய்வுக்குப் போகும். எந்த மாவட்டத்தில் என்ன தந்திரத்தால் வேலை முடிந்தது என்று கண்ணால் பார்க்கலாம். எதிர்க்கட்சிக்காரருக்கு அவையில் நேரம் குறைவு. குழுவில் கேள்வி கேட்க அந்தக் குறை இல்லை.

அனுமதியில்லாமல் 60 நாள் கூட்டங்களுக்கு வராவிட்டால் இடம் காலி என்று அவை அறிவிக்கலாம். கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ, வராமல் இருந்தாலோ கட்சித்தாவல் தடைச் சட்டமான பத்தாவது அட்டவணை பாயும். 2017 செப்டம்பரில் 18 உறுப்பினர்கள் அந்த அட்டவணையின் கீழ்ப் பதவி இழந்தார்கள். உயர் நீதிமன்றமும் 2018-ல் அதை உறுதி செய்தது. பதினெட்டுத் தொகுதிகள் மாதக்கணக்கில் உறுப்பினர் இல்லாமல் கிடந்தன. கட்சிக்குள் கருத்து வேறுபாடு இருந்தால் கூட்டத்தில் பேசுங்கள், ஓட்டில் காட்டாதீர்கள்.

மழையும் அறுப்பும்

கிராமத் தொகுதியின் காலண்டர் வேறு. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தாலும் பேராவூரணி, திருத்துறைப்பூண்டி கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர நாளாகும். தூர்வாரும் வேலை மே மாதத்தில் முடிந்திருக்க வேண்டும். தண்ணீர் ஓடும்போது வாய்க்காலில் இயந்திரம் இறக்கினால் அது கணக்கு எழுதத்தான். மானாவாரித் தொகுதிகளில் மழைக்கு முன் கண்மாய் மடைகளைப் பார்த்து வையுங்கள். மடைப்பலகை பழுதாகியிருந்தால் பெய்த தண்ணீர் ஒரே இரவில் போய்விடும்.

பயிர் மூழ்கினால் முதல் நாளே வயலில் நிற்க வேண்டும், ஆனால் நின்றால் மட்டும் நிவாரணம் வராது. வேளாண் துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்து கணக்கெடுப்பார்கள். 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமானால்தான் பட்டியலில் ஏறும். வி.ஏ.ஓ.வின் அடங்கலில் (சாகுபடிக் கணக்கு) அந்தப் பயிர் பதிவாகவில்லை என்றால் விவசாயி பெயரே வராது. குத்தகைதாரர்கள் இதில்தான் அடிபடுகிறார்கள். ஆகவே அக்டோபரிலேயே ஊர் ஊராக அடங்கல் பதிவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பயிர்க் காப்பீட்டில் கணக்கு வேறு: ஊரளவில் நடக்கும் அறுவடைப் பரிசோதனையின் சராசரியைப் பார்ப்பார்கள், தனி வயலை அல்ல. உங்கள் ஊரில் எந்த வயலில், எந்த நாளில் அறுக்கிறார்கள் என்று விவசாயிகளுக்குத் தெரிந்து, அவர்கள் கூடி நிற்க வேண்டும்.

சம்பா அறுப்பின்போது நேரடி நெல் கொள்முதல் நிலையம் திறக்கும் நாளைக் கலெக்டரிடமும் நுகர்பொருள் வாணிபக் கழக மண்டல மேலாளரிடமும் பொங்கலுக்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுக்க மாட்டார்கள். தளர்வுக்கு மத்தியக் குழு வந்து பார்க்க வேண்டும், அதற்கு மாநில அரசு கடிதம் எழுத வேண்டும். மழை அறிவிப்பு வந்த அன்றே அந்தக் கடிதத்தைக் கேளுங்கள். சாக்கு, தார்ப்பாய், லாரி மூன்றும் தட்டுப்பாடில்லாமல் இருக்கிறதா என்று தினமும் ஒரு போன். 40 கிலோ மூட்டைக்கு எடைக்கூலி என்ற பெயரில் பணம் வாங்கினால் அந்த இடத்திலேயே நின்று கேளுங்கள். அதிகாரியைத் திட்டி வீடியோ போடுவதைவிட நான்கு விவசாயிகளின் எழுத்துப் புகாரோடு போவது பலன் தரும்.

கூட இருப்பவர்களும் கைக்காசும்

ஊராட்சி மன்றத் தலைவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் அவர் உங்கள் கை. குழாய், தெருவிளக்கு, துப்புரவு அவரிடம் இருக்கிறது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தொகுதி நிதியில் கேட்கும் வேலைகளை அங்கே தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். பிற்பாடு இடத் தகராறு வந்தால் தீர்மானம் பேசும். ஜமாபந்தி (ஆண்டு வருவாய்க் கணக்குத் தணிக்கை) நடக்கும் நாட்களில் தாலுகா ஆபீஸ் பக்கம் போய்விட்டு வாருங்கள். தொகுதியின் நிலப் பிரச்சினை மொத்தமும் அங்கே ஒரே பந்தலில் வந்து நிற்கும்.

உறுப்பினரின் மாத ஊதியமும் படிகளும் சேர்த்து 2017-ல் 1,05,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கோயில் கொடை, மொய், ஆஸ்பத்திரிச் செலவு, இளைஞர் மன்றத்துக்கு வாலிபால் என்று கேட்கத் தொடங்கினால் பத்து நாளில் கரைந்துவிடும். கடன் வாங்கிக் கொடுக்கத் தொடங்கியவர்கள் அந்தக் கடனை அடைக்கத் தொகுதியை விற்க வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறார்கள். எல்லா ஊருக்கும் ஒரே தொகை என்று முதல் ஆடியிலேயே வைத்துவிடுங்கள். மனமுள்ளவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். ஆஸ்பத்திரி உதவி கேட்பவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த மருத்துவமனை பட்டியலில் உள்ளது என்று பார்த்து, கூட ஒரு ஆளை அனுப்புவது ஆயிரம் ரூபாயைவிடப் பெரிய உதவி.

ஐந்தாம் ஆண்டில் புதிய அடிக்கல் நாட்டும் ஆசையை விடுங்கள். டிசம்பருக்குள், எந்தெந்த வேலைக்கு நிர்வாக அனுமதி ஆகியும் பணியாணை இல்லை, எதற்குப் பணியாணை ஆகியும் தொடங்கவில்லை, எதற்குப் பில் பாக்கி என்று பி.டி.ஓ.க்களிடம் எழுத்தில் வாங்கி, ஒவ்வொன்றாகத் தொடங்க வையுங்கள். தேர்தல் அறிவிப்பு வந்த நொடியில் அலுவலகப் பலகை, நிதி எல்லாம் கையைவிட்டுப் போகும். நிலுவைக் கருத்துருக்களின் பட்டியலைக் கோப்பு எண்ணோடு இரண்டு படி எடுங்கள். ஒன்று உங்களுக்கு. மற்றொன்றை, அடுத்து ஜெயிப்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் கொடுங்கள்.